வெள்ளைச் சட்டைக் கிட்டார்க்காரர்

செய்தி வந்தபோது என் கையில் சூடான சால்டரிங் அயர்ன் இருந்தது. காளவாசலில் என் கடைக்கு முன்னால் சைக்கிளை நிறுத்திய தபேலா முருகேசன் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். நிகழ்ச்சிக்கு ஆம்ப்ளிஃபயர் கேட்டு வந்திருக்கிறார் என்று நினைத்து, நிமிராமலே, "எந்த மண்டபம், எத்தனை மைக்கு, சட்டுனு சொல்லுங்க" என்றேன். அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தேன்.

"தவமணி அண்ணன் வீட்டுக்கு வா தம்பி. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவரு எந்திரிக்கல."

சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போகும் வழியில், அயர்னை அணைத்தேனா என்று சந்தேகம் வந்தது. திரும்பிப் போகவில்லை. என்னை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நடந்த நினைவுக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். மேடைக்குப் பின்னால் நிற்பதுதான் என் தொழில். மேடையில் ஏறினால் எனக்கு வாய் வராது. எழுதித் தருகிறேன் என்றேன். "ஈடு செய்ய முடியாத இழப்பு" என்றெல்லாம் எழுத எனக்குத் தெரியாது. பார்த்ததையும், அவர் வாயாலும் அவர் வீட்டார் வாயாலும் கேட்டதையும் எழுதுகிறேன்.

அவரை அறியாதவர்களுக்கு முதலில். கிட்டார் தவமணி அவர்கள் எந்தக் குழுவிலும் உறுப்பினராக இருந்ததில்லை. அதே சமயம் மதுரையில் அவர் வாசிக்காத குழுவும் இல்லை. மெல்லிசை மேடை, தேவாலயப் பாடற்குழு, நாடகம், நாட்டியம், பள்ளி ஆண்டு விழா, கல்யாண வரவேற்பு, கோவில் கொடை விழா என்று யார் கூப்பிட்டாலும் போனார். கூப்பிட்ட இடத்தில் என்ன தேவையோ அதை வாசித்தார். ஐம்பது வயதைத் தொடவில்லை. பெரிய நகரத்துக்குப் போய்ப் புகழ் பெறவில்லையே என்று இழவு வீட்டில் ஒருவர் வருத்தப்பட்டார். அந்த வருத்தம் அண்ணனுக்கு இருந்ததாக நான் பார்த்ததில்லை. நிகழ்ச்சி முடிந்து இட்லிக்கடை பெஞ்சில் உட்காரும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். குறைபட்ட மனிதனின் முகம் அது இல்லை.

அவர் பிறந்தது உசிலம்பட்டிப் பக்கம், கிணற்றுப் பாசன விவசாயக் குடும்பத்தில். படிப்புக்காக மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கினார். ரயில்வே குடியிருப்பை ஒட்டிய வீடு. சுவருக்கு அந்தப் பக்கம் டெரிக் என்று ஒரு ஆங்கிலோ இந்தியப் பையன், இவர் வயதுதான். அவன் கையில் கிட்டார். இவருக்கு ஊர்த் திருவிழாவில் கேட்டுக் கேட்டு நையாண்டி மேளத்தின் தாளமெல்லாம் விரலில் இருந்தது. தகர டப்பாவில் இவர் தட்டியதைக் கேட்டு டெரிக் சுவரேறி வந்திருக்கிறான். ஒரு தாளம் காட்டினால் கிட்டாரில் ஒரு கார்டு, அதாவது ஒரு சுரக்கூட்டு, காட்டுவான். இப்படிப் பண்டமாற்றாகத்தான் கிட்டார் வந்தது. டெரிக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியபோது கிட்டாரை இவரிடமே விட்டுவிட்டுப் போனான். "அவன் அங்க போயி நையாண்டி மேளம் தட்டிக்கிட்டு இருப்பான் மாப்ள, என்னைவிட அவன் பாடுதான் கஷ்டம்" என்று அண்ணன் சொல்லிச் சிரிப்பார்.

இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது வீணை. நாட்டியப் பள்ளி ஒன்றில் வீணை வாசித்த அம்மையாருக்குப் பக்கத்தில் சில காலம் உட்கார்ந்து வாசித்தார். கம்பியை இழுத்துச் சுரத்தை வளைப்பதை அந்த அம்மையாரின் விரல்களைப் பார்த்துப் பிடித்துக்கொண்டார். ஆக, மேற்கத்தியக் கார்டும் நையாண்டித் தாளமும் வீணை வளைவும் ஒரே கையில். எங்கே எதை எடுக்க வேண்டும் என்று தெரிந்திருந்ததுதான் அவர் திறமை. எல்லாவற்றையும் ஒரே பாட்டில் கொட்டும் ஆட்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஒலி மிக்சரில் அவர்கள் சத்தத்தை நானே குறைத்துவிடுவேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் மதுரையில் இரண்டு மெல்லிசைக் குழுக்கள் கொடிகட்டிப் பறந்தன. காளவாசல் சுந்தரம் அவர்களின் குழு நீலக்கோட்டு. திருநகர் அழகர் அவர்களின் குழு மெரூன் கோட்டு. குழுப் பெயரைச் சொல்லி யாரும் நிகழ்ச்சி பேச வர மாட்டார்கள்; "நீலக்கோட்டா, மெரூனா?" என்பார்கள். சித்திரை வெயிலிலும் கோட்டு உண்டு. ஒரு கோட்டுக்காரர் மற்றக் கோட்டின் மேடையில் ஏறக் கூடாது என்பது எழுதாத சட்டம். சுந்தரமும் அழகரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள்.

தவமணி அவர்கள் இரண்டு மேடையிலும் வாசித்தார், வெள்ளைச் சட்டையில். ஆரம்பத்தில் பொறுத்துக்கொண்டார்கள். அவருக்குக் கல்யாணம் ஆன வருஷம் இரண்டு தரப்பும் ஒரே சமயத்தில் பிடியை இறுக்கின. எங்கள் கோட்டைப் போடு, இல்லாவிட்டால் எங்கள் மேடை இல்லை. அளவெடுத்துத் தைத்த கோட்டுகளே வீட்டுக்கு வந்துவிட்டன. இரண்டையும் மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்தார். இரண்டு கதவும் சாத்தப்பட்டன. மதுரையில் அன்றைக்கு இந்த இரண்டு மேடையை விட்டால் கிட்டாருக்குப் பிழைப்பு ஏது? கையில் வேறு வேலை இல்லை. வீட்டில் புது மனைவி. "ஏதாவது ஒண்ணைப் போட்டுக்கிட்டாத்தான் என்னடா, துணிதானே" என்று அவருடைய தகப்பனாரே ஊரிலிருந்து வந்து சொல்லிப் பார்த்திருக்கிறார்.

அந்த வறண்ட காலத்தில்தான் அவர் தேவாலயத்துக்கும் நாடகக் கொட்டகைக்கும் நாட்டியப் பள்ளிக்கும் போனார். சொந்த ஊர்க் கொடையில் நாயனக்காரரோடு சேர்ந்து ஒரு சாயங்காலம் கிட்டார் வாசித்தார். தகப்பனார் முன்வரிசையில் உட்கார்ந்து முழுவதும் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து சொன்ன ஒரே விமர்சனம், "இன்னங் கொஞ்சம் சத்தமா வச்சிருக்கலாம்" என்பதுதான். அதற்குப் பிறகு கோட்டுப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

முடிவில் நீலக்கோட்டின் கிட்டார்க்காரருக்கு மஞ்சள் காமாலை வந்தது. மறுநாள் பெரிய இடத்து நிகழ்ச்சி. சுந்தரம் அவர்களே ஸ்கூட்டரில் இவர் வீட்டுக்கு வந்துவிட்டார், கையில் அந்தப் பழைய கோட்டோடு. அண்ணன் வீட்டில் இல்லை. அவருடைய துணைவியார் சந்திரா மதினி காபி கொடுத்துவிட்டு, நின்றபடியே சொன்னாராம்.

"அவரு வருவாருண்ணே. கோட்டு வராது."

சுந்தரம் அவர்கள் காபியைக் குடித்து முடித்து, கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் மேடையில் நீலத்துக்கு நடுவே ஒரு வெள்ளை. நீலம் இறங்கி வந்த பிறகு மெரூன் எவ்வளவு நாள் முறைத்துக்கொண்டிருக்கும்? அழகர் அவர்களும் ஆள் அனுப்பினார். வந்த ஆளிடமும் மதினி அதே பதிலைச் சொன்னார்.

நான் அவரைச் சந்தித்தது இதற்கெல்லாம் பிறகு. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து, ஆம்ப்ளிஃபயர் செய்து, ஒலி அமைப்புக்குப் போக ஆரம்பித்திருந்தேன். கே.கே. நகரில் ஒரு வரவேற்பு. ஒத்திகையில் ஒரு ஸ்பீக்கர் உறுமிக்கொண்டே இருந்தது. தேடிப் போனால் அவருடைய கிட்டார் ஆம்ப்ளிஃபயர். திறந்து பார்த்துவிட்டு, "இதுல எர்த்தே இல்ல. இதை வச்சு வாசிக்கிறதுக்குக் கரண்டுக் கம்பியைக் கையில புடிக்கலாம்" என்றேன். யாரிடம் எப்படிப் பேசுகிறாய் என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். அண்ணன் அவரைக் கையமர்த்தினார்.

"இம்புட்டு நாளா அந்த உறுமலையும் குழுவுல ஒரு ஆளுன்னுல்ல நெனச்சேன். சரி பண்ணு மாப்ள."

மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டரோடு அலைவதால் எனக்கு 'மீட்டரு' என்று பெயர் வைத்ததும் அவர்தான். அன்றிலிருந்து எந்த மேடையானாலும், வாசிக்கத் தொடங்குமுன் என் பக்கம் திரும்பி, "லைன் சுத்தமா இருக்கா மீட்டரு?" என்று கேட்பார். உறுமல் இல்லை என்று நான் தலையசைத்த பிறகுதான் கம்பியைத் தொடுவார்.

அவரிடம் குறை இல்லையா? இருந்தது. கேபிளை முழங்கையில் போட்டுக் கயிறு மாதிரிச் சுற்றுவார். உள்ளே கம்பி முறுக்கிக்கொண்டு அற்றுப்போகும். எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். "சரி மாப்ள" என்று சொல்லிக்கொண்டே முழங்கையில் சுற்றுவார். நேரத்துக்கு வந்ததாகவும் சரித்திரம் இல்லை.

அந்த வெள்ளைச் சட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். காளவாசலில் ஒரு தையல்காரர் அவருக்கென்று தனியாகத் தைப்பார். பட்டன்களை மூடி ஒரு துணிப்பட்டி வரும். வெளியே ஒரு பட்டனும் தெரியாது. பட்டன் கிட்டாரின் முதுகைக் கீறும் என்பது அவர் கணக்கு. கோட்டைப் போடாததற்கும் இதையே காரணமாகச் சொல்லி வந்தார்: பெரிய பெரிய பித்தளைப் பட்டன், கிட்டார் தாங்காது.

இதை அப்படியே நம்பியவன் நான். பிரச்சினை என்றால் தீர்வு இருக்க வேண்டும். நேரே அழகர் அவர்களிடம் போய், பித்தளையை எடுத்துவிட்டுத் துணி சுற்றிய பட்டன் வையுங்கள், அவர் கோட்டுப் போடுவார் என்று சொன்னேன். அவர் என்னைவிட அவசரக்காரர். குழு முழுவதற்கும் பட்டன் மாற்றிவிட்டார். புதுக் கோட்டை எடுத்து வந்து அண்ணனிடம் பெருமையாக நீட்டினார். அண்ணன் துணிப் பட்டனைத் தடவிப் பார்த்தார். ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. திரும்பும் வழியில், பட்டன்தான் காரணம் என்றால் இப்போது என்ன கேடு என்று கேட்டேன்.

"கோட்டு நல்ல கோட்டுதான் மாப்ள. போடுறது சுளுவு. போட்டா, அடுத்தவரு மேடைக்குப் போறப்பக் கழட்டணும்ல? குடுத்தவரு பாக்க அதைக் கழட்டுறதுதான் சங்கடம்."

"இதை அவருகிட்டயே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா மனசு வருத்தப்படுவாரு. பட்டன்னா வருத்தம் இல்ல."

நேரடியாகப் பேசுவதுதான் நேர்மை என்று நினைக்கிறவன் நான். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் திருநகர் மெல்லிசைக் குழு இன்றுவரை துணிப் பட்டனோடுதான் மேடையேறுகிறது. அவர்களுக்கும் அது பிடித்துப்போய்விட்டது.

ஞாயிறு காலைகளில் ஒரு சிறிய தேவாலயத்தில் வாசிப்பார். அங்கே காலால் மிதிக்கும் பழைய ஆர்மோனியம் ஒன்று உண்டு. சுதி முறையான இடத்தில் நிற்காது. அரைக்கட்டையில் பாதி இறங்கியிருக்கும். கருவி வைத்து அளந்தே பார்த்தேன். உள்ளே அதிரும் பித்தளை ரீடுகளை அரத்தால் ராவினால் சரியாகிவிடும், நானே செய்து தருகிறேன் என்றேன். பாடற்குழுவினருக்கு விருப்பமில்லை, அந்தச் சுதியிலேயே தொண்டை பழகிவிட்டது. அண்ணனாவது எனக்காகப் பேசுவார் என்று பார்த்தால், அவர் உட்கார்ந்து தன் ஆறு கம்பிகளையும் தளர்த்திக்கொண்டிருந்தார்.

"பெட்டிக்கு வயசாயிருச்சு. அது நம்ம பக்கம் வராது மாப்ள. நாமதான் அது பக்கம் போகணும்."

ராவியிருக்க வேண்டும் என்பதுதான் இன்றைக்கும் என் கருத்து. ஏனென்றால் அந்த ஆர்மோனியத்தால்தான் திருநகரில் ஒரு கல்யாண வரவேற்பில் ஒரு கூத்து நடந்தது.

அன்று தேவாலயத்திலிருந்து நேரே திருநகருக்கு வந்தார், வழக்கம்போலத் தாமதமாக. கம்பிகளை ஏற்ற மறந்துவிட்டார். முதல் பாட்டில் குழு ஒரு சுதியில், கிட்டார் அதற்குக் கீழே. மிக்சரில் இருந்த நான் கிட்டார் திருகின் மேல் கை வைத்தேன். அவருக்கும் முதல் சுரத்திலேயே தெரிந்துவிட்டது. நிறுத்தித் திருக நேரமில்லை. என்ன செய்தார் என்றால், ஒவ்வொரு சுரத்தையும் பக்கவாட்டில் இழுத்து இழுத்து மேலே ஏற்றி வாசித்தார். கம்பியை இழுத்தால் இழுவிசை கூடும், சுதி ஏறும், அது இயற்பியல். ஆனால் ஒரு பாட்டு முழுவதும் அப்படி, ஒரே அளவில் இழுப்பது இயற்பியல் இல்லை. எங்கிருந்தோ வீணைக்கார அம்மையாரின் விரல் வந்து உட்கார்ந்துகொண்டது. பாட்டு முடிந்ததும் அவசர அவசரமாகக் கம்பிகளை ஏற்றிச் சரிசெய்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

அப்போது பெண்ணின் தகப்பனார் மேடைக்கு வந்தார், கண் கலங்கி. "அய்யா, அந்தக் கிட்டாரு... மனசை என்னமோ பண்ணிருச்சு. அதையே இன்னொருக்க வாசிக்கச் சொல்லுங்க."

நல்ல சுதியில் அதையே வாசித்தார். பெரியவர் திருப்திப்படவில்லை. "அது இல்லைய்யா. முன்ன வாசிச்சீகளே, அந்த மாதிரி."

அண்ணன் உட்கார்ந்து, ஆறு கம்பியையும் மறுபடி தளர்த்தி, மறுபடி இழுத்து வாசித்தார். அன்று முழுவதும் அவர் விரல் நுனிகள் சிவந்து கிடந்தன. இட்லிக்கடையில் சட்னியைத் தொட முடியாமல் சிரித்துக்கொண்டே இருந்தார். "நாம பண்ணுன தப்பு ஒருத்தருக்குப் புடிச்சுப்போச்சுன்னா, அதையும் சுத்தமாத் திரும்பப் பண்ணத் தெரியணும் மாப்ள." இதைத் தத்துவமாக அவர் சொல்லவில்லை. வாயில் இட்லி இருந்தது.

இப்படியே ஆண்டுகள் ஓடின. சொந்தமாகச் சின்ன வீடு கட்டினார். மகள் ஆசிரியப் பயிற்சி முடித்தாள். காலையில் தேவாலயம், மாலையில் நீலம், மறுநாள் மெரூன், இடையில் பள்ளி விழா. இறப்பதற்கு முந்தைய வாரம்கூட ஒரு நாடகத்துக்கு வாசித்தார். கேபிளை முழங்கையில்தான் சுற்றினார்.

இனி அன்றைய மாலைக்கு வருகிறேன். அவரைக் குளிப்பாட்டி வேட்டி கட்டியிருந்தார்கள். சுந்தரம் அவர்கள் வந்தார். கையில் பொட்டலம். பிரித்தால் நீலக்கோட்டு, இவர் அளவில் தைத்தது. அதை அவர் மேல் போர்த்தித்தான் அனுப்ப வேண்டும் என்றார். "எங்க மேடையிலதான் அதிகமா உக்காந்திருக்காரு. எங்க ஆளு" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. அது நடிப்பு இல்லை. அதே நேரம் அழகர் அவர்கள் வாசலில் நின்றார். அவர் கையிலும் ஒரு பொட்டலம். முதன்முதலில் அவரை மேடையேற்றியது நாங்கள்தான் என்றார். அதுவும் உண்மை.

குரல்கள் ஏறின. இரு குழுவினரும் அவரவர் தலைவருக்குப் பின்னால் நின்றார்கள். அண்ணன் வாழ்நாள் முழுக்க நடக்கவிடாமல் தடுத்து வைத்திருந்த ஒன்று அவர் தலைமாட்டிலேயே நடக்கப் போகிறது என்று தெரிந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. இரண்டு பேரையும் வெளியே போகச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சந்திரா மதினி எழுந்து உள்ளே போனார்.

திரும்பி வந்தபோது கையில் தேய்த்து மடித்த வெள்ளைச் சட்டை. பட்டன் தெரியாத சட்டை. இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். சத்தமே போடாமல் சொன்னார்.

"அன்னைக்குச் சொன்னதுதாண்ணே. அவரு வாராரு. கோட்டு வராது."

சுந்தரம் அவர்கள்தான் முதலில் குனிந்து அண்ணனின் வலது கையைத் தூக்கிப் பிடித்தார். அழகர் அவர்கள் இடது கையைப் பிடித்தார். இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்தச் சட்டையை அவருக்குப் போட்டுவிட்டார்கள். துணிப்பட்டியை நீவி, உள்ளே ஒளிந்திருந்த பட்டன்களை ஒவ்வொன்றாக மாட்டியது அழகர் அவர்கள். கோட்டுப் பொட்டலங்கள் இரண்டும் மூலையில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. பிறகு யார் எதை எடுத்துப் போனார்கள் என்று தெரியவில்லை.

நினைவுக் கூட்டம் திருநகரில் ஒரு பள்ளி அரங்கில் நடந்தது. இரண்டு குழுவும் ஒரே மேடையில். யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒருவரும் கோட்டில் வரவில்லை. மெரூன் குழு டிரம்ஸ்காரர் மட்டும் வெளியூர் நிகழ்ச்சியிலிருந்து நேரே வந்ததால் கோட்டோடு வந்துவிட்டார். வாசலிலேயே சூழ்நிலையைப் பார்த்துவிட்டு, கழற்றி மடித்துத் தன் முக்காலியில் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார்.

தேவாலயப் பாடற்குழுவினர் அந்த ஆர்மோனியப் பெட்டியை வண்டி வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். யார் சுதிக்கு யார் சேர்வது என்று கேள்வி வந்தது. சுந்தரம் அவர்கள் ஒன்று சொன்னார், அழகர் அவர்கள் ஒன்று சொன்னார். "பெட்டிக்குத்தான். அது நம்ம பக்கம் வராது" என்றேன். எல்லாரும் அதன் சுதிக்கு இறங்கினார்கள். கீபோர்டின் சுதித் திருகை நானே திருப்பி வைத்தேன். புல்லாங்குழல்காரருக்கு மட்டும் சுதியை இறக்க வழியில்லை. முணுமுணுத்துக்கொண்டே ஜால்ராவை எடுத்துக்கொண்டார். ராவியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

மேடையின் நடுவில் அவர் நாற்காலி. அதில் சாய்த்து வைத்த கிட்டார். அதையும் அதே சுதிக்கு இறக்கி, ஆம்ப்ளிஃபயரில் செருகி, ஒலியைத் திறந்தே வைத்திருந்தேன். காரணம் கேட்டார்கள், சொல்லவில்லை. பாடத் தொடங்குமுன் ஒரு கணம் அரங்கம் அமைதியானது. ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டேன். சின்ன உறுமல்கூட இல்லை.

லைன் சுத்தமா இருக்குண்ணே. நீங்க ஆரம்பிங்க.